நமக்கு நாம் அழாதது என்னோ: நாகப்பட்டினத்துலருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்ததைப் படிச்சேன். மாறாதது தான் மெய், மாறுறது எல்லாம் பொய், நம்ம ஆன்மிகம் மாறாததை மட்டும் தான் பேசுது, மாற்றம் மாற்றம்னு பேசுறது எல்லாம் வெளிநாட்டுலருந்து வந்த பேச்சுன்னு எழுதியிருந்தாரு. அவர் மனசு நோகணும்னு இதை எழுதல, வயசுல பெரியவரா இருப்பாரு போல, நல்ல எண்ணத்துல தான் எழுதியிருக்காரு. ஆனா அது சரி இல்ல சார். மாற்றத்தைப் பத்தி நம்ம தமிழ்ல உக்காந்து யோசிச்ச அளவுக்கு யோசிச்சவங்க கம்மி, அதுவும் கோயில் மடம் பள்ளின்னு சமயத்துக்குள்ள இருந்தவங்களே யோசிச்சிருக்காங்க, ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டு காப்பியமே எழுதியிருக்காங்க. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாயிடும், பொறுத்துக்கோங்க.

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்ல. நாகப்பட்டினத்துல 1988-லருந்து போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கேன். பிலிம் ரோல் போட்டு எடுத்து டார்க்ரூம்ல கழுவி பிரிண்ட் போட்ட காலத்துலருந்து இப்ப கம்ப்யூட்டர்ல பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி அஞ்சு நிமிஷத்துல குடுக்கற காலம் வரைக்கும் அதே கடை தான். ஒரே ஊர்ல இத்தனை வருஷம் இந்த வேலை பாத்தா ஒண்ணு நடக்கும், ஒரே ஆளை நீங்க பல ஆளா பாப்பீங்க. குப்புற விழுந்த மாசம் துண்டு மேல படுக்க வெச்சு எடுத்த குழந்தை, பத்தாவது ஹால் டிக்கெட்டுக்கு எண்ணெய் வழிய தலை வாரிட்டு வந்து நிக்கும், அப்புறம் கல்யாண ஆல்பம், அப்புறம் அவங்க குழந்தையைத் தூக்கிட்டு வருவாங்க, அப்புறம் ஒரு நாள் வீட்டுலருந்து யாராவது வந்து, மாலை போட்டு மாட்டறதுக்கு அந்த ஆளோட போட்டோவைப் பெருசு பண்ணிக் கேப்பாங்க. நெகட்டிவ் கவர் மேல ஒரே பேரு தான் எழுதியிருப்பேன், உள்ள இருக்கற முகம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கும்.

ரெண்டு வருஷம் முன்னாடி நடந்ததைச் சொல்றேன். ஒரு குடும்பம் வந்தாங்க, அம்மாவும் மகனும் மருமகளும் ஒரு பேத்தியும். வீட்டுப் பெரியவர் காலமாகி பத்து நாள் ஆகியிருந்துச்சு, காரியத்துக்குப் படம் வேணும். மகன் மொபைல்ல ஒரு போட்டோ காமிச்சாரு, கடைசியா பொங்கலுக்கு எடுத்தது, கன்னம் ஒட்டி கண்ணாடி போட்டு பல் செட்டோட சிரிக்கறாரு. அந்த அம்மா அதைப் பாக்கவே இல்ல. சுருக்குப்பையிலருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து மேஜை மேல வெச்சாங்க, 1983-ல கல்யாணத்தப்ப எடுத்ததாம், ஓரமெல்லாம் பூசணம் பிடிச்சு மூக்கு மேல வெள்ளைப் புள்ளி, சுருட்டை முடி, பெரிய காலர் சட்டை, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும். இதைத்தான் மாட்டணும்னாங்க. மகன் ஒத்துக்கல. யாரும்மா இவரு, இந்த ஆளை ஊர்ல யாருக்குத் தெரியும், காரியத்துக்கு வர்றவங்க அடையாளம் தெரியாம நிப்பாங்கன்னாரு. பேத்தி எட்டிப் பாத்துட்டு இது தாத்தா இல்ல இது அப்பா மாதிரி இருக்குன்னுச்சு. அந்த அம்மா அப்ப சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. நீ கடைசியா பாத்த ஆளைக் கேக்கற, நான் முதல்ல பாத்த ஆளைக் கேக்கறேன், நடுவுல நாப்பது வருஷமும் நான் தான்டா கூட இருந்தேன், எனக்கு ரெண்டும் ஒரு ஆளுதான்னாங்க.

கடையில அப்ப இன்னொருத்தர் உக்காந்திருந்தாரு, ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார், பென்ஷன் ஆபீசுக்கு போட்டோ எடுக்க வந்தவரு. அவங்க போனதும் மெதுவா ஒரு பாட்டைச் சொன்னாரு. நான் கேட்டு எழுதி வாங்கி கவுண்டர் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன்.

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் இயல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாதது என்னோ

குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியத்துல ஒண்ணு, நாதகுத்தனார் எழுதினது, பௌத்த காப்பியம். பச்சைக் குழந்தையா இருந்த தன்மை செத்துச்சு, சின்னப் பையனா இருந்தது செத்துச்சு, காளைப் பருவம் செத்துச்சு, ஆசைப்பட்டு அனுபவிச்ச இளமையும் செத்துச்சு, இப்ப இருக்கறதும் இதே மாதிரி மூப்பா மாறி வந்துட்டே இருக்கு, தினம் தினம் செத்துட்டே தான் இருக்கோம், அப்படி இருக்க ஊரான் செத்தா மட்டும் அழறோமே, நமக்காக நாம ஏன் அழறதில்லன்னு கேக்குது பாட்டு. செத்தும்னு நாலு தடவை வருது பாருங்க. போய்விட்டது, கடந்துவிட்டதுன்னு பூசி மெழுகல. அந்தக் குழந்தை செத்துட்டான், அவனுக்கு யாரும் அழல, ஏன்னா அதே பேர்ல இன்னொருத்தன் எழுந்து நடந்துட்டான்.

என் தொழில்ல இருக்கறவனுக்கு இந்தப் பாட்டு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. என் பரண்ல இருக்கற நெகட்டிவ் மூட்டை முழுக்க அந்த மாதிரி செத்த குழந்தைங்களும் செத்த காளைங்களும் தான், அவங்க எல்லாரும் பஜார்ல உயிரோட நடந்துட்டிருக்காங்க.

இந்தக் காப்பியம் முழுசா நமக்குக் கிடைக்கல, மிஞ்சினது வெறும் 19 பாட்டு. அந்தக் கதாநாயகி பேரே மாற்றத்துல வந்த பேரு தான். புருஷன் ஒரு திருடன், மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போய் அவளைக் கொல்லப் பாத்தான், அவளே அவனைத் தள்ளிவிட்டுட்டா. அப்புறம் சமணப் பள்ளியில, அதாவது அவங்க துறவிங்க இருக்கற மடத்துல சேந்தா, அங்க தலைமுடியைப் பிடுங்கித் துறவு குடுத்தாங்க, திரும்ப முளைச்ச முடி சுருள் சுருளா வந்துச்சு, அதனால குண்டலகேசி. பிறகு வாதத்துல தோத்து பௌத்தத்துக்கு வந்துட்டா. பத்திரைன்னு அம்மா அப்பா வெச்ச பேர்ல எத்தனை பேருக்கு அவளைத் தெரியும், பிடுங்கின இடத்துல முளைச்ச முடி தான் அவ பேரா நின்னுச்சு.

பௌத்தத்துல இதுக்கு ஒரு பழைய விளக்கம் இருக்கு. கி.மு. ரெண்டாம் நூற்றாண்டுல வடமேற்குல ஆண்ட கிரேக்க ராஜா மிலிந்தன், நாகசேனர்னு ஒரு பிக்குகிட்ட கேள்வி கேக்கற மாதிரி பாலி மொழியில ஒரு நூல். ராஜா கேக்கறாரு, பொறந்தப்ப இருந்தவனும் இப்ப இருக்கறவனும் ஒரே ஆளா வேற ஆளா. நாகசேனர் ரெண்டும் இல்லங்கறாரு. ராத்திரி முழுக்க எரியற விளக்கு இருக்கு, முதல் ஜாமத்துல எரிஞ்ச சுடரும் நடு ஜாமத்துச் சுடரும் கடைசி ஜாமத்துச் சுடரும் ஒண்ணான்னு கேட்டா இல்ல, எண்ணெய் எரிஞ்சு போச்சு திரி எரிஞ்சு போச்சு. அப்ப மூணு விளக்கான்னு கேட்டா அதுவும் இல்ல, ஒரே விளக்கைப் பிடிச்சுத்தான் விடிய விடிய எரிஞ்சுது. பால் தயிராகி வெண்ணெயாகி நெய்யாகிறதையும் சொல்வாரு, பாலும் தயிரும் ஒண்ணுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா பால் இல்லாம தயிர் எங்க இருந்து வரும். எங்க வீட்டுல கறண்ட் போனா ஏத்தற சிம்னி விளக்கைப் பாத்து நான் இதை யோசிச்சிருக்கேன், சுடர்னு நாம சொல்றது ஒரு பொருள் இல்ல, எரிஞ்சுட்டே இருக்கற ஒரு வேலை.

சரி இதோட முடிஞ்சுதான்னா இல்ல. சமணர் சும்மா விடல. குண்டலகேசிக்கு மறுப்பு சொல்றதுக்குன்னே நீலகேசின்னு ஒரு காப்பியம் எழுதினாங்க. பழையனூர்ப் பேயா இருந்து ஒரு சமண முனிவர்கிட்ட அறம் கேட்டு மாறின நீலகேசி, ஊர் ஊராப் போய் வாதம் பண்றா, முதல்ல போய் நிக்கறது குண்டலகேசி முன்னாடி தான், அப்புறம் புத்தர்கிட்டயே போவா. எல்லாம் கணத்துக்குக் கணம் அழிஞ்சு வேறாகுதுன்னா, தப்பு பண்ணவன் ஒருத்தன் தண்டனை அனுபவிக்கறவன் இன்னொருத்தனா, கடன் வாங்கினவன் போய்ட்டான் நான் வேறன்னு சொன்னா நீ விடுவியா, நேத்து பாத்ததை இன்னிக்கு ஞாபகம் வெச்சிருக்கறது யாரு. இதான் சமணர் பௌத்தரை மடக்கற இடம். நியாயமான கேள்வி தானே சார்.

சமணர் சொன்ன பதிலும் லேசுப்பட்டது இல்ல. எந்தப் பொருளுக்கும் மூணும் சேந்தே இருக்கு, தோன்றுறது அழியறது நிலைச்சு நிக்கறதுன்னு. அதுக்கு சமந்தபத்திரர்னு ஒரு சமண ஆசாரியர் சமஸ்கிருதத்துல ஒரு உதாரணம் குடுத்திருக்காரு, நகை செய்யற பத்தர் கடையில வெச்சுப் பாக்கலாம். பொன்னால ஒரு குடம் இருக்கு, அதை உருக்கி மகுடம் பண்றாங்க. குடம் வேணும்னு வந்தவன் அழறான், மகுடம் வேணும்னு வந்தவன் சந்தோஷப்படறான், பொன் வேணும்னு வந்தவன் ரெண்டுலயும் சேராம நிக்கறான். ஒரே நேரத்துல ஒரே நெருப்புல மூணும் நடந்துருச்சு.

வாத்தியார் இதைச் சொன்னப்ப எனக்கு அந்தக் குடும்பம் தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. மேஜை மேல ரெண்டு படம், மகனுக்கு ஒண்ணு வேணும் அம்மாவுக்கு ஒண்ணு வேணும், அந்த அம்மா ரெண்டும் ஒரு ஆளுதான்னு சொன்ன அந்த நிமிஷம் அவங்க பொன்னைப் பாத்திருக்காங்க. ஆனா அப்பவும் அவங்க கண்ணுல தண்ணி வர்றது நிக்கல. பொன் அப்படியே தான் இருக்குன்னு தெரிஞ்சாலும் குடம் போனது போனது தானே. இந்த இடத்துல நான் குண்டலகேசி பக்கம். மாறாத ஒண்ணு இருக்குன்னு சொல்லி அழுகையை அடக்கற பேச்சு எனக்குப் பிடிக்கல, சாவு வீட்டுல போய் ஆத்மா அழியாதுன்னு சொல்றவங்களைப் பாத்திருக்கேன், சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன், சொல்ற நேரம் தப்பு.

சைவத்துல எங்கம்மா தினம் விளக்கு ஏத்தி சிவபுராணம் சொல்வாங்க. புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகின்னு வரிசையா போயி எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்னு மாணிக்கவாசகர் வந்து நிப்பாரு. அங்க ஆயிரம் தடவை மாறின ஒரு நான் இருக்கு. ஆனா அந்த நான் எப்படி இருக்குன்னு பாருங்க, இளைச்சுப் போய் இருக்கு. மாறாம கெத்தா உக்காந்திருக்கற நான் இல்ல, அத்தனை மாற்றமும் தன் மேல பட்டுக் களைச்ச நான். சின்ன வயசுல அந்த வார்த்தையை வேகமா தாண்டிப் போவேன், இப்ப அறுபதைத் தாண்டின பிறகு அந்த ஒரு சொல்லுல நிக்கறேன்.

எங்க ஊருக்குப் பக்கத்துலயே நாகூர். கடைக்கு வர்ற ஒரு பாய் பல வருஷப் பழக்கம், அவர்கிட்ட இதைப் பேசினப்ப குர்ஆன்ல மூணே வசனத்துல ஒரு அத்தியாயம் இருக்கு, அல் அஸ்ர்னு பேரு, காலத்து மேல சத்தியமா மனுஷன் நஷ்டத்துல இருக்கான்னு ஆரம்பிக்கும்னாரு. நம்பிக்கை வெச்சு நல்லது செஞ்சு, உண்மையையும் பொறுமையையும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறவங்க மட்டும் அதுல சேர மாட்டாங்களாம். கையில இருக்கற ஐஸ் கரையற மாதிரி நெனச்சுக்கோங்க தம்பின்னாரு.

வெளிநாட்டுப் பேச்சுன்னு அந்தப் பெரியவர் சொன்னாருல்ல, அதுக்கு எங்க ஊரே பதில் சார். நாகப்பட்டினத்துல ராஜராஜ சோழன் காலத்துல, கடல் தாண்டி சுமத்ரா பக்கம் ஆண்ட ஸ்ரீவிஜய ராஜா கட்டின சூடாமணி விகாரம்னு ஒரு பௌத்தப் பள்ளி இருந்துச்சு, அதுக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தையே குடுத்திருக்காரு, செப்பேடு இருக்கு. சிவன் கோயில் கட்டின ராஜா பௌத்தப் பள்ளிக்கு நிலம் குடுத்தாரு. கடலோரம் நின்ன பழைய செங்கல் கோபுரத்தை 1867-ல இடிச்சுட்டாங்க, மண்ணுக்குள்ளருந்து 300-க்கும் மேல வெண்கலப் புத்தர் சிலைங்க கிடைச்சு எழும்பூர் மியூசியம் வரைக்கும் போயிருக்கு. கப்பல்ல வந்து போன ஊரு, எல்லாம் மாறும்னு போதிச்சவங்க நூத்துக்கணக்கான வருஷம் வாழ்ந்த ஊரு, அவங்க தமிழ்ல தான் பேசியிருப்பாங்க தமிழ்ல தான் அழுதிருப்பாங்க. அதை எப்படி வெளி ஆளு பேச்சுன்னு தள்ள முடியும்.

இன்னொண்ணு சொல்லணும், இதை எழுதலாமா வேணாமான்னு நாலு நாள் யோசிச்சேன்.

2004 டிசம்பர் 26 சுனாமி எங்க ஊருக்கு என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அடுத்த மாசமே ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. வீடு முழுக்கப் போயிருச்சு, ஒன்பது வயசுப் பையன் போயிட்டான், அவன் போட்டோ ஒண்ணு கூட இல்ல. அந்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ எடுத்தது நான் தான்னு யாரோ சொல்லியிருக்காங்க. நெகட்டிவ் பரண்ல இருந்ததால தப்பிச்சுது. தேடி எடுத்தேன், மூணாவது வரிசை, முன்னாடி நிக்கற பையன் தோள் மறைக்க முக்கால் முகம் தான் தெரிஞ்சுது, பிலிம்ல மிளகு அளவு கூட இல்ல. பெருசு பண்ணப் பண்ண முகம் புள்ளி புள்ளியா உடையுது, எவ்வளவு முடியுமோ அவ்வளவு பண்ணிக் குடுத்தேன். அவங்க அதை ரெண்டு கையாலயும் வாங்கிட்டு இது போதும் தம்பின்னாங்க.

போன வருஷம் மறுபடி வந்தாங்க. இப்பல்லாம் மொபைல்லயே வயசைக் கூட்டிக் காமிக்கற ஆப் இருக்காமே, அக்கா மகன் சொன்னான், அவன் இருந்தா இப்ப முப்பது வயசு, எப்படி இருப்பான்னு பண்ணித் தர முடியுமான்னு கேட்டாங்க. முடியும், பத்து நிமிஷ வேலை. வேணாம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல. பண்ணினேன். மீசை வெச்சு, தாடை அகலமாகி, நல்ல களையான ஒரு பையன் ஸ்கிரீன்ல வந்தான். அவங்க கிட்ட வந்து ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, யாரு தம்பி இது, நல்லா இருக்கான்னாங்க.

பிரிண்ட் வேணாம்னுட்டாங்க. பையிலருந்து அந்தப் பழைய படத்தை எடுத்தாங்க. இருபது வருஷம் சுவத்துல வெயில் பட்டு செவப்பெல்லாம் போயி மஞ்சளாகி, முகம் பாதி வெளிறிப் போயிருந்துச்சு. மாறாம இருக்கும்னு நம்பி மாட்டின படமும் மாறிட்டே தான் இருந்திருக்கு. இதையே புதுசாப் போட்டுக் குடுன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்கு நாகசேனர் விளக்கு தான் ஞாபகம் வந்துச்சு. முதல் ஜாமத்துல அணைஞ்ச விளக்குக்கு மூணாம் ஜாமத்துச் சுடர் எப்படி இருந்திருக்கும்னு கணக்குப் போட்டு வரையலாம், வரைஞ்சது அந்த விளக்கோட சுடர் ஆகாது, நடுவுல அது எரியல. அந்த முதல் குடும்பத்து அம்மாவுக்கு சுருட்டை முடிக்காரரும் பல் செட்டுக்காரரும் ஒரே ஆளா இருந்தது முகம் ஒத்துப்போனதால இல்ல, நாப்பது வருஷம் அவரு பக்கத்துல எரிஞ்சாரு, அவங்க பாத்துட்டிருந்தாங்க. மாறாததை உள்ள எங்கயோ தேடி எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு ஆளு நாளும் நாள் மாறி வந்த பாதையை யாரு கூட இருந்து பாத்தாங்கன்னு கேக்கணும்னு எனக்குத் தோணுது. இது பௌத்தமா சமணமா சைவமான்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. வாத்தியார்கிட்ட கேட்டேன், அவருக்கும் உடனே சொல்ல வரல, நீ நீலகேசியை முழுசாப் படி அப்புறம் பேசலாம்னாரு. படிச்சுட்டிருக்கேன், உரை இல்லாம ஒரு பாட்டு கூட எனக்கு நகரல.

காரியத்துக்கு என்ன படம் மாட்டினாங்கன்னு சொல்லாம விட்டுட்டேன். மகன் கேட்ட படம் தான் பெருசாப் போச்சு. அந்த அம்மா போகறப்ப, 1983 படத்துல புள்ளி எல்லாம் எடுத்து டச்சப் பண்ணி பாஸ்போர்ட் சைஸ்ல ஒரே ஒரு காப்பி மட்டும் கேட்டு வாங்கி சுருக்குப்பைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.

ஆசிரியர் சார்கிட்ட ஒரு வேண்டுகோள். உங்க ஞாயிறு ஆன்மிகப் பக்கத்துல குண்டலகேசி 19 பாட்டையும் வாரம் ஒண்ணா பொருளோட போடுங்க, அதுக்கு நீலகேசி குடுத்த பதிலையும் கூடவே போடுங்க, அஞ்சு மாசத்துக்குள்ள முடிஞ்சிரும். அந்தப் பெரியவரையும் எழுதச் சொல்லுங்க, மாறாதது தான் மெய்னு அவர் பக்கத்து நியாயத்தை இன்னும் விரிவாச் சொல்லட்டும், நான் படிக்கக் காத்திருக்கேன். எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்க சார், என் கடைக்கு பேப்பர் படிக்க வர்றவங்க பாதிப் பேருக்குக் கண்ணு சரியாத் தெரியல.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், போட்டோ ஸ்டூடியோக்காரன்,
நாகப்பட்டினம்.